டாங்க் மூடிமேல் வைத்த சந்தனப் பொட்டு

முருகனைக் கும்பிடும் உங்கள் எல்லோருக்கும் படகு வேலுச்சாமியின் வணக்கம்.

நம் பாதயாத்திரைக் குழுவில் நான் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகிறது. பழனிக்கு நடக்கும்போது ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் முருகன் செய்ததைச் சொல்லிக்கொண்டே வருவீர்கள். என் முறை வரும்போது மட்டும் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் வேகமாக முன்னால் போய்விடுவேன். கால் வலிக்கிறவன் எப்படி முன்னால் போவான் என்று நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை. இந்தத் தடவை நம் குழுவின் ஆண்டு மலரில் எழுதியே ஆக வேண்டும் என்று குருசாமி சொல்லிவிட்டார். கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு அவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கைக்கு ஸ்பேனர் பிடித்துத்தான் பழக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கோயமுத்தூரில் சிங்காநல்லூர் பக்கம். மீசை முளைக்கும் முன்பே பம்ப்செட் பட்டறையில் சேர்ந்தவன். எந்த மோட்டார் ஆனாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. எண்பத்தெட்டில் சாந்தாமணியைக் கட்டினேன். அவள் அப்பா மில்லில், நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவில் வேலை பார்த்தவர். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் உங்களுக்கே தெரியும்.

எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது பையன். பிறந்தான், கண்ணைத் திறந்து பார்த்தான், மறுநாளே போய்விட்டான். அவனுக்காக நான் மருதமலைப் படி முழுக்க மண்டியிட்டு ஏறியிருந்தேன். முட்டியில் புண் ஆறுவதற்குள் அவனைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முருகன் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் சாந்தாமணி படத்தை நேராக மாட்டியிருந்தாள். நான் மறுபடி திருப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த முருகனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பங்காளிகள் சண்டை போட்டுக்கொண்டு ஒரே தெருவில் குடியிருப்பார்களே, அப்படி மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம்.

அக்கம்பக்கத்தில் பார்க்கிறவர்களெல்லாம் "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்பார்கள். பாசமாகத்தான் கேட்பார்கள். ஆனால் சாந்தாமணி குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அந்தச் சமயத்தில் வால்பாறைக்கு மேலே ஓர் அணையில் படகு ஓட்டவும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் கூப்பிட்டார். இருவரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டோம்.

எங்கள் குடியிருப்பு அணைக்கு அக்கரையில், மீன்குஞ்சுப் பண்ணையை ஒட்டி இருந்தது. ஏழெட்டுக் குடும்பங்கள்தான். ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் இக்கரையில். காட்டுக்குள் சுற்றிக்கொண்டு ஒரு ஜீப் தடம் உண்டு. நான் சொல்லப்போகும் வருடத்து மழையில் அதன் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகையால் உப்பு வாங்குவதானாலும் உயிரைக் காப்பதானாலும் என் படகுதான் வழி.

படகு மோட்டாரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது படகின் பின்பலகையைக் கவ்விக்கொண்டு தொங்கும். தலை மேலே இருக்கும், விசிறி தண்ணீருக்குள் சுற்றும். பெட்ரோல் டாங்க் தனி. சிவப்பு பிளாஸ்டிக்கில், படகுக்குள் என் காலடியில் கிடக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மோட்டாருக்குப் போகும். குழாயின் நடுவில் கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு ரப்பர் பல்பு. அதை அமுக்கி அமுக்கிப் பெட்ரோலை ஏற்றிவிட்டுத்தான் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதன் பிறகு மோட்டாரே டாங்க்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

தொண்ணூற்று நாலு. சாந்தாமணிக்கு மறுபடி ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டோம். பேசினால் கண் பட்டுவிடுமோ என்று பயம். வால்பாறையில் பார்த்த டாக்டரம்மா, "வலி எடுத்ததும் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே கொண்டு வந்துவிட வேண்டும்" என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். நான் தினமும் மோட்டாரைத் துடைத்து, பிளக்கைக் கழற்றி மாட்டி, தயாராக வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. மில் வீட்டுப் பெண்களுக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு ஒரு படி மேல். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளே சந்தனம் குழைத்தாள். வெறும் சந்தனம் இயந்திரத்தில் ஒட்டாது, காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதனால் மில்லில் என்ன செய்வார்களாம் என்றால், நூலுக்குப் போடும் கஞ்சியைக் கொஞ்சம் சந்தனத்தில் விட்டுக் குழைப்பார்களாம். அப்படி வைத்த பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அசையாதாம். அப்பாவிடம் கற்றுக்கொண்டபடி கஞ்சி காய்ச்சி, அதை அவள் இங்கே படகில் காட்டினாள்.

"ஏனுங்க, மோட்டாருக்கு நெத்தி எதுங்க?" என்று கேட்டாள்.

"மேல இருக்கறது பூராவும் நெத்திதான். எங்க வேணுமோ அங்க வெச்சுக்க."

"டாங்க்குக்குங்க?"

"மூடிதான் தலை மாதிரி இருக்குது."

மூடியின் நடுவில் சப்பட்டையாகப் பெரிய பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். துடுப்புக்கு, ஸ்பேனர்களுக்கு, மீன் பிடிக்கும் கூடைக்குக்கூட வைத்தாள். கடைசியில் விரலில் மிச்சமிருந்த சந்தனத்தோடு என் நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுவந்தாள். நான் குனிந்து நங்கூரக் கயிற்றைச் சரி செய்யத் தொடங்கிவிட்டேன். அவள் விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான்கு நாள் காற்றும் மழையுமாக இருந்தது. படகை இக்கரைக்குக் கொண்டுவர வேலை இல்லை. பண்ணை வலைக்குப் போய் வருவதோடு சரி, அது கூப்பிடு தூரம். மோட்டார் தங்கமாக ஓடியது.

திங்கட்கிழமை காலை சாந்தாமணி அடுப்படியில் கையூன்றிக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ருக்மணியக்காவைக் கூப்பிட்டேன். பண்ணை வாட்ச்மேனின் சம்சாரம், நாலு பெற்றவர். அவர் சாந்தாமணியை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "தம்பி, ரத்தம் படுது. படகை எடு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு பை. அவ்வளவுதான் எடுத்தோம். சாந்தாமணியைப் படகின் நடுவில் படுக்க வைத்தோம். ருக்மணியக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். டாங்க்மேல் எப்போதும் போல ஒரு கோணிச் சாக்கு போர்த்திக் கிடந்தது. ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. நான் முழு வேகத்தில் விட்டேன். காற்று எதிரில் அடித்தது. எல்லாம் சரியாக இருந்தால் அரை மணி நேரத்தில் இக்கரை.

தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நிற்கும் இடத்தைத் தாண்டினோம். அங்கேதான் சத்தம் மாறியது.

அந்த மாற்றம் முதலில் என் காதுக்குத்தான் தெரிந்தது. முழுக்கக் கைப்பிடியைத் திருகி வைத்திருக்கிறேன், மோட்டாரோ பாதித் தூக்கத்தில் இருக்கிறவன் மாதிரி முனகுகிறது. படகின் மூக்கு தண்ணீரில் அமுங்கியது. வேகம் குறைந்து குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்தது. விசிறியில் பாசி சுற்றியிருக்கும் என்று நினைத்தேன். நிறுத்திவிட்டு மோட்டாரைத் தூக்கிப் பார்த்தேன். விசிறி சுத்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றினேன், பொறி நன்றாக வந்தது. வேறு பிளக் மாற்றினேன். மறுபடி இழுத்தேன். ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே முனகல்.

ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்தேன். அமுக்க அமுக்க மோட்டார் சற்றுத் தெளியும், கையை எடுத்தால் சோர்ந்துவிடும். கடைசியில் பல்பு ஒட்டிச் சப்பிப்போய், அமுக்கினாலும் திரும்ப எழும்பவே இல்லை. பெட்ரோல் வரவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது. காலால் அசைத்துப் பார்த்தேன், தளும்புகிறது. டாங்க் மூடியின் நடுவில், உள்ளே காற்று போவதற்காக ஒரு சின்னத் திருகு உண்டு. படகு எடுக்கும்போது அதைத் தளர்த்திவிட வேண்டும். சாக்குக்கு அடியில் கையை விட்டுத் திருகின் தலையைத் தடவிப் பார்த்தேன். திருகு தளர்ந்துதான் இருந்தது.

இங்கேதான் பம்ப்செட்காரன் புத்தி வேலை செய்தது. கோயமுத்தூரில் பட்டறைக்காரனைக் கேளுங்கள். கிணற்று மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் முதலில் என்ன சொல்வான்? "பைப்பு காத்து வாங்குது" என்பான். உறிஞ்சுகிற குழாயில் எங்கேயாவது காற்று புகுந்தால் தண்ணீர் ஏறாது. ஆகவே எங்களுக்குக் காற்றுதான் எதிரி. ஊசி முனை அளவு இடுக்கு இருந்தாலும் சோப்பைத் தேய்த்து, நூலைச் சுற்றி, மூச்சு விட இடமில்லாமல் அடைத்துவிடுவோம். அதையே நான் இங்கேயும் செய்தேன். குழாய் மாட்டியிருக்கும் இடமெல்லாம் இறுக்கினேன். டேப் சுற்றினேன். ருக்மணியக்காவின் பையிலிருந்த துணி சோப்பை வாங்கி இணைப்பெல்லாம் தேய்த்தேன். அடைக்க அடைக்க மோட்டார் இன்னும் மோசமானது. கடைசியில் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றேவிட்டது.

நிசப்தமாகிவிட்டது. காற்றின் சத்தமும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்கும் சத்தமும் மட்டும் கேட்டது. சாந்தாமணி கத்தமாட்டாள். கத்தினால் எனக்குக் கை ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

காற்று படகை மெதுவாகத் திருப்பிப் பட்டமரங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. ருக்மணியக்கா அவள் தலையைத் தலையணையில் வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்துப் போட்டார். நானும் ஒன்றை எடுத்துப் போட்டேன். எதிர்க்காற்றில் நாங்கள் இருவரும் எத்தனை தள்ளினாலும் படகு நின்ற இடத்திலேயே நின்றது. இக்கரை கண்ணுக்குத் தெரிந்தது. டீக்கடைப் புகைகூடத் தெரிந்தது. என் கண் முன்னாலேயே மூன்றாவதும் போகப் போகிறது, இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறது என்று நினைத்தேன். ஒரு ஆண்பிள்ளை எழுதக் கூடாதுதான், ஆனால் எழுதுகிறேன். துடுப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது சாந்தாமணி கூப்பிட்டாள்.

"ஏனுங்க."

"சொல்லு கண்ணு."

"திருநீறு எடுத்துட்டு வந்தீங்களா?"

எடுத்துவரவில்லை. அவள் எங்கே போனாலும் கொண்டுபோகும் பழனித் திருநீற்றுப் பொட்டலம் மாடத்திலேயே இருந்துவிட்டது. ருக்மணியக்கா பையைக் கவிழ்த்துத் தேடினார். இல்லை.

"இல்லையே கண்ணு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம், "செரி உடுங்க. நெத்தியில வெறுமனயாச்சும் ஒருக்கா கைய வெய்யிங்க" என்றாள்.

உங்களிடம் சொல்கிறேன், அந்த வார்த்தை என்னை அறுத்துவிட்டது. மூன்று வருடமாக என்னிடம் ஒரு தடவைகூட அவள் சாமி கும்பிடுங்கள் என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. கையை வைக்கத்தான் சொன்னாள். வெறுங்கையை எப்படி வைப்பது என்று யோசித்தபோதுதான் எனக்கு டாங்க்மேல் இருந்த சந்தனம் நினைவுக்கு வந்தது. பூஜையில் வைத்த சந்தனம். அதைவிடப் பிரசாதம் வேறென்ன வேண்டும்?

சாக்கை எடுத்து எறிந்தேன். மூடி நடுவில் குங்குமத்தோடு பொட்டு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அணைத் தண்ணீரைத் தொட்டு ஈரம் பண்ணினேன், அப்போதும் வரவில்லை. மில் கஞ்சி லேசில் விடுமா? குழாய் இணைப்பை இறுக்கிய திருப்புளியைக் கையில் எடுத்தேன். அப்போது என்னை அறியாமல் வாய் திறந்தது. மூன்று வருடம் கழித்து நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"முருகா, நீ என்கூடப் பேச வேண்டாம். இவகூடப் பேசு."

வேறு மந்திரம் எனக்குத் தெரியாது. இதைச் சொல்லிக்கொண்டே திருப்புளியின் நுனியைப் பொட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். திருகைச் சுற்றி ஒட்டியிருந்த சந்தனம் ஒரே வில்லையாகப் பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

"உஸ்ஸ்" என்று ஒரு சத்தம்.

நீளமாக, யாரோ அடக்கி வைத்த மூச்சை உள்ளே இழுப்பது மாதிரி. நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. சந்தனத்தைத் தண்ணீரில் உரசி, சாந்தாமணியின் நெற்றியில் வைத்தேன். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அவள் என் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அப்போது என் பின்னால் 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வயிறு ஒட்டிக் குழிந்து கிடந்த டாங்க் நிமிர்ந்துகொண்டிருந்தது. சாக்கு மூடியிருந்ததால் அது குழிந்து போனதையே நான் பார்த்திருக்கவில்லை.

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. திருகு திறந்துதான் இருந்தது. திருகுக்குக் கீழே உள்ள ஊசித் துவாரத்தைச் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லாமல் டாங்க் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கூட விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. கூப்பிடு தூரம் போய் வரும்போது இது தெரிந்திருக்காது. காற்று புகுந்துவிட்டது என்று நான் ஒவ்வோர் இடுக்காக அடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கோ காற்று இல்லாமல்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது.

பல்பை அமுக்கினேன். கையில் திண்ணென்று நின்றது. கயிற்றை இழுத்தேன். மோட்டார் கர்ஜித்த கர்ஜனையில் பட்டமரத்தில் உட்கார்ந்திருந்த நீர்க்காகங்கள் எல்லாம் பறந்தன. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ருக்மணியக்கா, "என்ன தம்பி பண்ணுன? என்ன பண்ணுன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"என்னாச்சுங்க?" என்று சாந்தாமணியும் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. முருகன் வந்துபோட்டான்" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த வலியிலும் சிரித்தாள்.

இக்கரையில் டீக்கடைக்கு முன்னால் எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றிருந்தது. கேட்டதும் ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு முன் இரண்டு தடவை இப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதல் தடவை உள்ளேயிருந்து அழுகையே வரவில்லை, இரண்டாவது தடவை வந்த அழுகையில் பலமே இல்லை.

அழுகைச் சத்தம் கேட்டது. நான் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. வெளியே வந்த நர்ஸ், "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நல்ல நேரத்துக்குக் கொண்டாந்தீங்க" என்றார். நான் அவர் காலில் விழப் போனேன், அவர் பயந்து பின்னால் போய்விட்டார்.

சந்தன விஷயத்தை நான் சாந்தாமணியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆசை ஆசையாக அவள் வைத்த பொட்டு. முருகன் வந்தான் என்று சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன். மூடியில் மிச்சம் இருந்ததையும் அவள் பார்க்காதபோது சுரண்டி எடுத்தேன். முழுக்கப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து மோட்டாரை சர்வீஸுக்காகக் கோயமுத்தூர் கொண்டுவந்தேன். உக்கடத்தில் ஜாபர் பாய் என்று என் பழைய சிநேகிதர், படகு மோட்டார்கூடப் பார்ப்பார். சாந்தாமணியும் குழந்தையோடு வந்திருந்தாள், அங்கிருந்து சிங்காநல்லூருக்கு அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். பாய் டாங்க் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இந்தக் காத்து ஓட்டையச் சுத்தி என்னுங்க இது, சிமெண்ட்டுங்களா?"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"இத அடைச்சுப்போட்டா மோட்டார் எப்படிங்க இழுக்கும்? நடுத் தண்ணீல நின்னா ஆளுக கதி என்னாகறது? ஆருங்க இந்த வேலை பண்ணுனது?"

சாந்தாமணி எழுந்து வந்தாள். மூடியைக் கையில் வாங்கி, ஒட்டியிருந்த மஞ்சளை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா அந்தக் கஞ்சி?

"நானுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு மோட்டார் நின்னது இதனாலயாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"அப்ப எம் புள்ளைய நானேதான் கொல்லப் பாத்தனுங்களா?"

பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். குழந்தையை இறுக்கிக்கொண்டு அவள் விசும்பினாள். நான் அருகில் போனேன்.

"அந்தச் சந்தனத்தை எடுக்கப் போயித்தான கண்ணு அடைப்பே தொறந்துச்சு. நீ நெத்தியில கைய வெக்கச் சொல்லலீன்னா நான் அந்த மூடியத் தொட்டே இருக்க மாட்டேன்."

"நான் அத வெக்காம இருந்தா மோட்டாரே நின்னிருக்காதுங்களே."

நியாயமான கேள்வி. சமாதானத்துக்கு ஏதாவது சொல்லி மழுப்பினால் ஏற்கமாட்டாள். யோசித்தபோது எனக்கே அன்றுதான் விளங்கியது.

"நின்னிருக்காது" என்றேன். "நாம பாட்டுக்குக் கரை சேந்திருப்போம். ஆனா நான் அவங்கூடப் பேசியிருக்க மாட்டேன் கண்ணு. சாகற வரைக்கும் பேசியிருக்க மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேசுனீங்களா? என்ன பேசுனீங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு வரியை நான் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

ஜாபர் பாய் எதையோ தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மெல்லிய கம்பியால் மூடியின் துவாரத்தைக் குத்தி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். "இப்ப நல்லா மூச்சு உடுதுங்க அம்மணி" என்று சொல்லி அதைச் சாந்தாமணியின் கையிலேயே கொடுத்தார். "கேக்க வெக்கறதும் அவன்தானுங்க, குடுக்கறதும் அவன்தானுங்க. உங்களுக்கு முருகன், எங்களுக்கு அல்லா" என்றார்.

என் கதை இவ்வளவுதான். பெரிய அற்புதம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு துவாரம் அடைத்திருந்தது, திறந்துகொண்டது. மோட்டார் தெரிந்த யாரும் இதைக் கேட்டால் இவ்வளவுதானா என்பார்கள். நானும் மோட்டார் தெரிந்தவன்தான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து முடித்து, இனி ஒன்றுமில்லை என்று உட்கார்ந்த இடத்தில், அந்த ஒரே ஒரு இடத்துக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு நான் உங்களோடு நடக்க வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறவில்லை. அன்று பிறந்த வள்ளிக்கு இப்போது ஐந்து வயது. ஆயுத பூஜை வந்தால் டாங்க்குக்குப் பொட்டு வைப்பது அவள்தான். மூடியை விட்டுவிட்டு டாங்க்கின் தோளில் வைக்க வேண்டும் என்று அவளுக்கு அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வைத்துவிட்டு, "மூச்சு உடுதாங்கப்பா?" என்று காதை வைத்துக் கேட்டுப் பார்ப்பாள். சந்தனத்தில் இன்னும் கஞ்சி விடுகிறீர்களா என்று கேட்காதீர்கள். விடுகிறோம்.

உங்களில் யாராவது என்னை மாதிரி அவனோடு கோபித்துக்கொண்டு இருக்கலாம். அதற்குக் காரணமும் இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. கோபத்தை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். அது நம் கையில் இல்லை. உங்களுக்காகக் கேட்க மனம் வரவில்லை என்றால், பக்கத்தில் படுத்திருப்பவருக்காக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு சண்டையைத் தொடர்கிறவன் இல்லை. கூப்பிடுவதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறான்.

இந்த வருடமும் பூஜை முடிந்து, சாந்தாமணி விரலில் மிச்சச் சந்தனத்தோடு என் பக்கம் வந்தாள். நான் அவளுக்கு எட்டுகிற மாதிரி குனிந்து நின்றேன்.